நாட்குறிப்பில் நான் விட்ட வரி

தம்பி,

ஆளுநரின் ஏ.டி.சி.யாக, அதாவது சீருடையில் உடன் நிற்கும் துணை அதிகாரியாக, உன்னைத் தேர்ந்திருக்கிறார்கள் என்று நீ எழுதிய கடிதம் நேற்று வந்தது. உன் அம்மா அதை வாசலில் நின்றபடி ஒருமுறை படித்தாள், உள்ளே வந்து உட்கார்ந்து மறுபடி படித்தாள், பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "யாரு பக்கத்துல நிக்கப் போறான்னு பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமலிருப்பதில் எனக்கு நீண்ட பழக்கம் உண்டு என்பது அவளுக்குத் தெரியும். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை நீ பணியேற்கும் முன்பு தெரிந்துகொள்ள வேண்டும். அதனால்தான் இதை எழுதுகிறேன். உனக்கு அனுப்பும் இதே நாளில் இதன் படியொன்றைப் பத்திரிகைக்கும் அனுப்புகிறேன். நான் செய்த பிழை நிறைந்த நீதிமன்றத்தில், எல்லோர் காதிலும் விழும்படி நடந்தது. அதற்கான திருத்தத்தை மகனின் காதில் மட்டும் சொல்லிவிட்டு ஓய்ந்துவிட எனக்கு உரிமையில்லை.

வடமாநிலம் ஒன்றின் ஆளுநராக இன்று இருக்கும் திருமதி தனபாக்கியம் அம்மாளின் நாற்காலிக்குப் பின்னால், ஓரடி தள்ளி, நீ நிற்கப் போகிறாய். அதே ஓரடி தூரத்தில் நான் ஒன்பது ஆண்டுகள் நின்றிருக்கிறேன். அவர் என் சீனியர். பேரையூர்ப் பக்கத்து மானாவாரிக் காட்டில், பருத்தியும் சோளமும் விதைக்கும் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். திருமணமான இரண்டாம் ஆண்டிலேயே கணவரை இழந்து, குழந்தையும் இல்லாமல், அண்ணன் வீட்டில் ஒதுங்கிக் கிடக்க மறுத்துச் சட்டம் படித்தவர். சிம்மக்கல்லில் ஒரு வெல்ல மண்டியின் மாடியில் அவருடைய அலுவலகம் இருந்தது. படியேறி வருகிற கட்சிக்காரர்களின் காலடியில் எப்போதும் வெல்லப் பிசுக்கு ஒட்டியிருக்கும். நம் வீட்டுக்கு நான் கொண்டுவந்த எறும்புகளைப் பற்றி உன் அம்மா இன்றும் பேசுவாள்.

அந்த அலுவலகத்தில் ஒரு விதி இருந்தது. அன்றன்று நடப்பவற்றை ஜூனியர் நாட்குறிப்பில் எழுத வேண்டும். நடந்தது நடந்தவுடன், மையில், இடம் விடாமல். பிறகு நினைவுகூர்ந்து எழுதினால் அது நாட்குறிப்பல்ல, கதை என்பார் சீனியர். அந்தப் பணியை நான் பெருமையோடு செய்தேன். எங்கள் குமாஸ்தா சொக்கலிங்கம், "நம்ம தம்பிகிட்ட மழை பெய்யுதான்னு கேட்டுப் பாருங்க. வானத்துகிட்ட எழுதி வாங்கிட்டுத்தான் பதில் சொல்வாரு" என்று என்னைக் கேலி செய்வார். சீனியரும் சிரிப்பார். எச்சரிக்கையான மனிதன் என்ற பெயர் எனக்கு அப்போது ஒரு பதக்கமாக இருந்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் இருளாண்டி என்ற கூலித் தொழிலாளி எங்களிடம் வந்தார். சீனியரின் சொந்த ஊரை அடுத்த சேரியைச் சேர்ந்தவர். அரசு அவருக்கும் அவர் தம்பி அழகருக்கும் புறம்போக்கில் சிறிது நிலத்துக்குப் பட்டா கொடுத்திருந்தது. அந்த நிலத்தைப் பல ஆண்டுகளாக உழுது அனுபவித்து வந்தது சீனியரின் அண்ணன் குடும்பம். எதிர்த்தரப்பு யார் என்று தெரிந்தும் சீனியர் வக்காலத்தில் கையெழுத்திட்டார். வாய்தாவுக்கு வாய்தா இருளாண்டி மடியில் வறுத்த கடலை கட்டிக்கொண்டு வருவார். "பட்டா வந்துருச்சும்மா. நிலம் எந்த பஸ்ஸுல வருதுன்னுதான் தெரியல" என்று சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார். தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. நிலத்தை அளந்து ஒப்படைக்க நாளும் குறித்தாயிற்று.

அதற்கு முந்திய திங்கட்கிழமை காலை, மூலப் பட்டாவை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு அவர் சிம்மக்கல் நிறுத்தத்தில் இறங்கினார். அதே பேருந்தின் பின்வாசல் வழியாக நால்வர் இறங்கினார்கள். நான் மாடியில் இருந்தேன். வெட்டியதை நான் பார்க்கவில்லை. நான் கேட்டது, தெரு முழுவதும் ஒரே நேரத்தில் கடைப் பலகைகளை இழுத்துச் சாத்தும் ஓசை. அதன் பிறகு மண்டியின் சுமைக்காரர்கள் இருவர் அவரை ஒரு வெல்லச் சாக்கில் கிடத்தி மாடிப்படியில் தூக்கி வந்தார்கள். வலது கை மணிக்கட்டில் தோலால் மட்டுமே ஒட்டியிருந்தது. கழுத்துக்கும் தோளுக்கும் இடையே இறங்கிய வெட்டு, அவர் மூச்சு விடும்போதெல்லாம் திறந்து மூடியது. வயிற்றைத் தன் இடது கையாலேயே பொத்திப் பிடித்திருந்தார். சாக்கிலிருந்த வெல்லப் பாகும் இரத்தமும் கலந்து தரையில் வழிய, நான் என் செருப்பு நனையாதபடி ஓரடி பின்வாங்கி நின்றேன். தம்பி, அதைக்கூட நான் மறைக்கப் போவதில்லை. சொக்கலிங்கம் டாக்சி பிடிக்க ஓடினார்.

"வக்கீலம்மா, எழுதிக்கங்க. நாலு பேரு" என்றார் இருளாண்டி.

சீனியர் என்னைப் பார்த்து, "எழுதுங்க" என்றார்.

நான், "அம்மா, மாஜிஸ்திரேட்டுக்குச் சொல்லி அனுப்புவோம். நினைவோட பேசுறாருன்னு டாக்டர் ஒருத்தர் எழுதிக் கொடுத்தா நல்லது. நாமளே எழுதுனா நாளைக்கு..." என்றேன்.

"நாளைக்கு இவரு இருப்பாரா?" என்று கேட்டுவிட்டு, அவர் மேசை மேலிருந்த வக்காலத்துப் படிவம் ஒன்றை எடுத்துத் திருப்பி, தரையில் மண்டியிட்டு, தாமே எழுதத் தொடங்கினார். மரண வாக்குமூலத்தை எவரும் பதிவு செய்யலாம் என்பது எனக்குத் தெரியும். அப்படிப் பதிவு செய்யும் வழக்கறிஞர் அந்த நிமிடமே சாட்சியாகிவிடுகிறார், அதன்பின் அந்த விவகாரத்தில் எங்கும் வாதாட முடியாது என்பதும் தெரியும். இரண்டாவது மட்டுமே எனக்கு நினைவில் நின்றது. நான் மேசைக்குச் சென்று, வழக்கப்படி நாட்குறிப்பைத் திறந்து நேரத்தைக் குறித்தேன்.

இருளாண்டி முதலில் ஒரு பெயரைச் சொன்னார். அந்தப் பெயரை இந்தக் கடிதத்தின் இறுதியில் எழுதுவேன். இப்போதைக்கு, சீனியரின் பேனா நின்றுவிட்டது என்று மட்டும் சொல்கிறேன்.

"யாரு?" என்றார் சீனியர்.

"ஒங்க அண்ணன் மகந்தாம்மா. மொதல் வெட்டு அவந்தான். மூஞ்சில துண்டக் கட்டியிருந்தான். வெட்டுற வேகத்துல அவுந்துபோச்சு."

"நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்தேம்மா. அவனும் என்னையப் பாத்தான்."

சீனியர் எழுதினார். மற்ற மூவர் பெயர்களையும் எழுதினார். எழுதியதை உரக்கப் படித்துக் காட்டினார். முதல் பெயரும் உரக்கவே வந்தது. சரி என்று இருளாண்டி தலையசைத்தார். ரேகை வாங்க நான் மைப்பெட்டியைத் தேடினேன். "மை வேண்டாம்" என்றார் சீனியர். வயிற்றைப் பொத்தியிருந்த இடது கையை மெல்ல எடுத்து, அதன் பெருவிரலைத் தாளில் பதித்தார். இருளாண்டி கடைசியாகச் சொன்னது, "பட்டா நனஞ்சு போச்சேம்மா" என்பதுதான். டாக்சி ஆஸ்பத்திரி வாசலை அடைவதற்குள் இறந்துவிட்டார்.

அன்று வீட்டுக்கு வந்தபோது என் சட்டைக் கையைப் பார்த்து நீ, "என்னப்பா இது?" என்று கேட்டாய். சிவப்பு மை என்றேன். அது அன்றைய இரண்டாவது பொய். முதலாவதை நாட்குறிப்பில் ஏற்கெனவே எழுதியிருந்தேன். இன்னும் சரியாகச் சொன்னால், எழுதாமல் விட்டிருந்தேன். இரண்டாம், மூன்றாம், நான்காம் பெயர்களை எழுதிய நான், முதல் பெயருக்குரிய வரியை வெறுமையாக விட்டிருந்தேன். சீனியரின் சொந்த இரத்தம். அந்தப் பெயரை அவருடைய அலுவலகப் புத்தகத்தில் அவருடைய அனுமதியில்லாமல் என் கையால் ஏற்றலாமா என்ற தயக்கம். அதை மரியாதை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மாலையில் சீனியர் நாட்குறிப்பைக் கேட்டு வாங்கிப் படித்தார். "ஒரு வரி குறையுதே" என்றார்.

"இப்ப நிரப்பிடுறேன்மா."

"இப்ப நிரப்புனா இப்ப எழுதினதுதான். காலையில எழுதினது ஆகாது. அப்படியே இருக்கட்டும். கூண்டுல கேட்டாங்கன்னா, ஏன் விட்டீங்கன்னு உண்மையச் சொல்லிருங்க. அது போதும்."

அந்த ஒரு வரியை நான் நிரப்பியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. பேனாவும் மையும் அதேதான். நிரப்ப விடாதவர் அவர். தம் பக்கத்துச் சான்றில் இருந்த ஓட்டையைத் தாமே அறிந்து, அதை அடைக்க மறுத்து, என் நாவை நம்பி நீதிமன்றத்துக்குப் போனார்.

அடுத்த வாரம் அவருடைய அண்ணன் அலுவலகத்துக்கு வந்தார். ஏழு ஊருக்கு நியாயம் சொல்லும் ஆள். அன்று நாற்காலியில் உட்காராமல் நின்றார். "தாயி, ஒங் கையால எழுதின பேர ஒங் கையாலயே அடிச்சிரு. அம்புட்டுத்தான் கேக்குறேன்" என்றார்.

"எழுதினதுதாண்ணே நானு. சொன்னது அவரு. செத்தவரு வாயில இருந்து வந்தத நான் எப்படி அடிக்கிறது?"

"நாளைக்கு ஒனக்குக் கொள்ளி வைக்க எம் மகன விட்டா யாரு இருக்கா? நெனப்பிருக்கா?"

"அப்ப வேகாமக் கெடக்குறேண்ணே" என்றார் சீனியர்.

அவர் அண்ணன் திரும்பும்போது என்னைப் பார்த்து, "மாப்ள, நீங்களாவது படிச்சவரு. பாத்து நடந்துக்கங்க" என்றார். மிரட்டல் என்று சொல்லத்தக்க ஒரு சொல்லும் அதில் இல்லை. என்னை யாரும் மிரட்டவில்லை என்பதை நீ தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். மிரட்டப்பட்டவனுக்குக் கிடைக்கும் இரக்கம் எனக்கு வேண்டாம். அப்போது உதவி அரசு வழக்கறிஞர் பதவிக்கு என் பெயர் பரிசீலனையில் இருந்தது. அதுதான் காரணம்.

செஷன்ஸ் நீதிமன்றத்தில் சீனியர் இரண்டாம் சாட்சி. நான் மூன்றாம் சாட்சி. சிம்மக்கல் கடைக்காரர்கள் எல்லோரும், "நான் உள்ள சரக்கு நிறுத்துக்கிட்டு இருந்தேங்க" என்றார்கள். மற்ற மூவரிடமிருந்து அரிவாள்கள் கைப்பற்றப்பட்டிருந்தன. முதல் எதிரியான சீனியரின் அண்ணன் மகனுக்கு எதிராக இருந்தது இருளாண்டியின் வாக்குமூலம் மட்டுமே. பூர்வீக நிலத்தில் பங்கு கேட்டு அண்ணனோடு பகைத்த பெண், அண்ணன் மகன் பெயரைத் தாமே செருகிவிட்டார் என்பது எதிர்த்தரப்பு வாதம். சீனியர் கூண்டில் அசையாமல் நின்று, நடந்ததைச் சொன்னார். அவரை இறக்கிவிட்டு என்னை ஏற்றினார்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நாட்குறிப்பை வரவழைத்திருந்தார்.

"இது உங்கள் கையெழுத்துதானே?"

"ஆம்."

"நடந்தது நடந்தவுடன் எழுதப்படும் புத்தகம்?"

"ஆம்."

"முதல் வரியில் பெயர் இல்லை. ஏன்?"

உண்மைக்கு ஒரு வாக்கியம் போதும். 'கேட்டேன், எழுதத் தயங்கினேன்' என்று சொன்னால் முடிந்தது. ஆனால் அப்படிச் சொன்னால், ஒரு கொலை வழக்கின் ஆவணத்தில் தெரிந்தே குறை வைத்தவன் நான் என்று பதிவாகும். அரசு வழக்கறிஞர் பதவிக்கு அப்படிப்பட்டவனை யார் எடுப்பார்கள்? நான், "முதலில் சொன்ன பெயர் எனக்குத் தெளிவாகக் கேட்கவில்லை" என்றேன். மூன்று பெயர்கள் கேட்ட காதுக்கு ஒன்று மட்டும் ஏன் கேட்கவில்லை என்று அரசு வழக்கறிஞர் துருவினார். தெருவில் இரைச்சல் என்றேன். சீனியர் படித்துக் காட்டியதாவது கேட்டதா என்றார். மைப்பெட்டி தேடிக்கொண்டிருந்தேன் என்றேன். பொய்க்குள் ஓர் உண்மையை வைத்துத் தைக்க எனக்குத் தெரிந்திருந்தது. சீனியர் எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. தம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூவருக்கு ஆயுள் தண்டனை. முதல் எதிரிக்குச் சந்தேகத்தின் பலனால் விடுதலை. சீனியரைப் பற்றித் தீர்ப்பில், உறவுப் பகை உள்ள இச்சாட்சியின் சொல்லை நம்பி ஒரு மனிதனைத் தண்டிக்க இயலாது என்று எழுதப்பட்டது. நீதிபதிமீது எனக்குக் குறையில்லை. என் சாட்சியத்தை வைத்துக்கொண்டு வேறு எந்த முடிவுக்கு அவர் வந்திருந்தாலும் அதுதான் தவறு.

தீர்ப்பு வந்த பிற்பகலே சிம்மக்கல்லில் வேட்டுப் போட்டார்கள். விடுதலையானவனை மாலையோடு ஜீப்பில் ஏற்றிவந்து மண்டியின் கீழே நிறுத்தி, மாடியை நோக்கிக் கல்லெறிந்தார்கள். ஒரு கல் சொக்கலிங்கத்தின் முன்பல் இரண்டையும் உடைத்தது. கூட்டம் படியேறிச் சட்டப் புத்தகங்களை அள்ளித் தெருவில் கொட்டி எரித்தது. சீனியர் கைப்பிடிச் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "பாத்தீங்களா, நனஞ்ச பட்டாவத் தவிர எல்லாம் எரியுது" என்று இரத்த வாயோடு சொக்கலிங்கம் சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். நான் அங்கே இல்லை. இரண்டு மாதம் கழித்து, இருளாண்டியின் மனைவியைப் பார்க்கச் சென்ற சீனியரைப் பேரையூர்ச் சாலையில் மறித்து வெட்டினார்கள். தலைக்கு வந்ததைக் கையால் தடுத்தார். இடது கையில் இரண்டு விரல்கள் போயின. பத்திரிகைப் படங்களில் அவர் இடது கையை முந்தானைக்குள் வைத்திருப்பதை நீ கவனித்திருப்பாய். அது அடக்கமல்ல. அணிவகுப்பு மேடையில் அவருக்குக் கோப்பு நீட்டும்போது வலது கைப் பக்கமாக நீட்டு.

நான் உதவி அரசு வழக்கறிஞரானேன். பிறழ்ந்த சாட்சிகளைக் கூண்டில் நிறுத்தி, கடவுளுக்குப் பயமில்லையா என்று பல ஆண்டுகள் கேட்டேன்.

இரண்டு அறுவடைகள் கழிந்தன. இருளாண்டியின் தம்பி அழகர் அந்த நிலத்தில் கடலை போட்டிருந்தார். பட்டப்பகலில், களை எடுக்கும் பெண்கள் பார்த்திருக்க, விடுதலையானவன் தன் ஆட்களோடு வந்து அழகரைத் துரத்தித் துரத்தி வெட்டினான். உடல் வாய்க்காலில் கிடந்தது. தலையை எடுத்து வந்து, அளவுக்கல் நட்ட இடத்தில் வைத்துவிட்டுப் போனான். அந்த வழக்குக் கட்டு என் மேசைக்குத்தான் வந்தது. முந்திய வழக்கில் நான் சாட்சி என்ற காரணத்தை எழுதி, முறைப்படி விலகிக்கொண்டேன். என் விலகல் மனுவில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. அந்தக் கட்டிலிருந்த புகைப்படங்களை நான் ஒருமுறைதான் பார்த்தேன். இன்றும் சாப்பிடும்போது சில நாள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுகிறேனே, ஏன் என்று நீ கேட்டதுண்டு. வயிற்றுக் கோளாறு என்று சொல்லியிருக்கிறேன்.

ஜாமீனில் வந்தவனை அழகரின் மைத்துனர்கள் கீழக்குயில்குடியில், சமணர் மலைக்குப் போகும் பாதையில் மடக்கினார்கள். அவன் பாறைமேல் ஏறித் தப்பப் பார்த்திருக்கிறான். கல்லாலேயே அடித்துக் கொன்றார்கள். அடையாளம் காட்ட, இடுப்பு அரைஞாண் கொடிதான் மிஞ்சியிருந்தது.

அந்தச் சாவுக்குச் சீனியர் வந்தார். இரண்டு விரல் இல்லாத கையில் வாய்க்கரிசியோடு, அண்ணன் வீட்டு வாசலில், தனியாக. ஊர் முழுவதும் விலகி நின்றது. ஒரு பழைய ஜூனியர் என்ற கடமைக்காக நானும் போயிருந்தேன். அவருக்குப் பின்னால், ஓரடி தள்ளி நின்றேன். அவர் அண்ணி ஓடிவந்து மண்ணை வாரி அவர் முகத்தில் எறிந்தார். "எம் புள்ளையக் கொடுத்துட்டியேடி, பாவி!" என்று கத்தினார். அண்ணன்தான் மனைவியைப் பிடித்து விலக்கினார். அந்தப் பெரிய மனிதர் சீனியரின் முன்னால் வந்து நின்று, "அவள விடு தாயி, அவளுக்குத் தெரியாது. நீ சொன்னதக் கோர்ட்டு நம்பியிருந்தா எம் மகன் இந்நேரம் ஜெயில்ல உசுரோட இருந்திருப்பான். மாசம் ஒருக்காப் போயிப் பாத்துட்டு வந்திருப்பேன்" என்றார்.

சீனியர் கையிலிருந்த வாய்க்கரிசியைப் போட்டார். திரும்பி என்னைப் பார்க்கவில்லை. கூண்டிலிருந்து நான் இறங்கிய நாளுக்குப் பிறகு, நான் வாய் திறக்கக் கிடைத்த சரியான இடம் அது. கேட்க வேண்டியவர்கள் முன்னால் நின்றார்கள், செத்தவன் கிடந்தான். நான் என் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். என் எச்சரிக்கை யாரைக் காப்பாற்றியது என்று அன்று முதல் கணக்குப் பார்க்கிறேன், தம்பி. அழகரைக் கொன்றது. காப்பாற்றப்பட்டவனையும் அதுவே கொன்றது. நான் மட்டும் பிழைத்தேன்.

சீனியர் அதன்பின் மதுரையில் இருக்கவில்லை. அவர் பதவியேணியில் ஏறியதாகப் பத்திரிகைகள் எழுதுகின்றன. எனக்குத் தெரிந்தவரை அவர் ஊரைவிட்டுத் தள்ளப்பட்டார். விழுந்த இடத்தில் எழுந்து நின்றார். நிலமற்றவர்களுக்காக வடக்கே வழக்காடினார், ஒரு தேர்தலில் தோற்றார், மேலவைக்குப் போனார், சிறிது காலம் அமைச்சராக இருந்தார், இப்போது ஆளுநர். ஒவ்வொரு படியிலும் யாராவது ஒருவர் எழுந்து அந்தத் தீர்ப்பின் வரியை வாசித்தார்கள். 'நீதிமன்றமே நம்பாத பெண்மணி' என்று சபையில் கூவினார்கள். அவர் ஒருமுறைகூட என் பெயரைச் சொல்லவில்லை.

அவருடைய ஆளுநர் மாளிகையில் பணிபுரிந்து ஓய்வுபெற்ற நம்மூர்க்காரர் ஒருவர் சொன்னதையும் எழுதுகிறேன். கேள்விச் சாட்சியம் என்ற அளவில் எடுத்துக்கொள். அங்கே சட்டசபை கலைந்து ஆளுநர் ஆட்சி நடந்தபோது தலைநகரில் கலவரம் மூண்டது. மூன்று தெருக்கள் எரிந்தன. போலீஸ் சுட்டதில் பலர் இறந்தார்கள். மறுநாள் உயரதிகாரி ஒருவர் அறிக்கையோடு வந்தார். சுடும் முன் எச்சரிக்கை கொடுத்த நேரம் என்ற இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. "தாங்கள் கையெழுத்திட்டால் நேரத்தைப் பிறகு நிரப்பிக்கொள்கிறோம்" என்றாராம். ஆளுநர் காரை வரவழைத்து, ஊரடங்கில், கருகிய பிணங்கள் இன்னும் அகற்றப்படாத அந்தத் தெருவுக்கே போய், இறந்தவர்களின் வீட்டு வாசல்களில் நின்று விசாரித்திருக்கிறார். ஒரு கல் நெற்றியைக் கிழித்தது. திரும்பி வந்து, எச்சரிக்கை கொடுக்கப்படவில்லை என்று அந்த இடத்தில் தம் கையாலேயே எழுதிக் கையெழுத்திட்டாராம். கேட்டபோது எனக்கு வியப்பில்லை. வெற்றிடம் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும்.

நீ பத்தாம் வகுப்புப் படித்தபோது சைக்கிளில் ஒரு கிழவரை இடித்துத் தள்ளிவிட்டு, வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாய். நான் முதலில் கேட்டது, "யாரு பாத்தது?" என்பதுதான். அவருக்கு அடிபட்டதா என்று கேட்கவில்லை. நீ என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு நீயாகவே அவர் வீட்டுக்குப் போனாய். உனக்கு அறிவுரை சொல்லும் தகுதியை நான் அன்றே இழந்துவிட்டேன். ஆகவே இதை அறிவுரையாக அல்ல, ஒரு சாட்சி சொல்வதாக எடுத்துக்கொள்: அவசரப்பட்டவர்கள் வெட்டிய வெட்டுகளை நான் பல வழக்குகளில் பார்த்திருக்கிறேன். நிதானமாக, அழகான கையெழுத்தில், மரியாதையின் பெயரால் விழும் வெட்டு அவற்றைவிட ஆழமாக இறங்கும். நாளை அந்த மாளிகையில் உன்னிடம் யாரேனும், 'இதைக் கேட்காததுபோல் இருந்துவிடு' என்பார்கள். அப்படிச் சொல்பவர்கள் நல்லவர்களாகவும் இருப்பார்கள்.

நேற்று உன் கடிதம் வந்த அதே தபாலில் எனக்கும் ஓர் அட்டை வந்தது. ஆளுநர் முத்திரை இல்லாத சாதாரண அஞ்சலட்டை. 'பட்டியலில் உங்கள் மகனைப் பார்த்தேன். தந்தை பெயரையும் பார்த்தேன். அனுப்பி வையுங்கள்' என்று மூன்று வரி. அது மன்னிப்பா என்று உன் அம்மா கேட்டாள். நான் அப்படிப் பொருள் கொள்ளத் துணியவில்லை. இத்தனை ஆண்டு கழித்தும் அவர் ஒரு சாட்சிக்குச் சம்மன் அனுப்பியிருக்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது.

சத்தியப் பிரமாணமாக எழுதி, நோட்டரி முன் கையெழுத்திட்ட தாளொன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். இதன் படி நீதிமன்றத்துக்கும், என் பெயரைப் பதிவுசெய்து வைத்திருக்கும் வழக்கறிஞர் மன்றத்துக்கும் போயிருக்கிறது. பொய்ச் சாட்சி சொன்னவனுக்குச் சட்டம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும், செய்யட்டும். இதனால் இருளாண்டியோ அழகரோ திரும்பப் போவதில்லை. தீர்ப்பும் மாறாது. ஆனால் சீனியர் உயிரோடிருக்கும்போதே, அவர் சொன்னது உண்மை என்று, அதைப் பக்கத்தில் நின்று கேட்டவன் சொன்னான் என்று இருக்க வேண்டும். மூலத்தை நீ சீருடையில் நின்று கொடுக்காதே. என் மகனாக நேரம் கேட்டுப் போ. இரண்டு கையாலும் கொடு. அவர் படிக்கச் சொன்னால், அன்று அவர் படித்ததுபோல உரக்கப் படி. அதில் நான்கு வரிகள்தான் உண்டு. பின் மூன்றும் பழைய நாட்குறிப்பில் இருப்பவை. முதல் வரி இது:

இருளாண்டி முதலில் சொன்ன பெயர் தவமணி. நான் கேட்டேன். இரண்டு முறை, தெளிவாகக் கேட்டேன்.

உன் அப்பா